லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்

பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஆறு நாற்பதுக்கு, எங்கள் வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுபோனது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. சாப்பிடாமல் கிளம்பிவிட்டானே என்று கேட்பதற்காக, சரியாக அப்போதுதான் நான் அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்தபடி மகனுக்குப் போன் செய்தேன். "வண்டி நின்னுடுச்சும்மா, அப்புறம் பேசுறேன்" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன.

அந்தக் கேட்டைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் பஸ்ஸிலிருந்து இறங்கி, டீ குடித்து, ஊர்க்கதை பேசி, மறுபடி ஏறி உட்கார்ந்தாலும் திறக்காது. அப்படிப்பட்ட கேட் அன்று திறந்தபோது வரிசையில் முதலில் நின்றது எங்கள் வண்டி. சாவியைத் திருப்பினான், இன்ஜின் இருமியது, அடங்கியது. இரண்டு பக்கமும் பஸ்களும் லாரிகளும் முட்டிக்கொண்டு நின்றன. யார் யாரோ இறங்கி வந்து, தேங்காய் மூட்டைகளோடு வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஒருவர் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தபடியே வெளியே வந்தது. டேங்கில் சொட்டு டீசல் இல்லை.

அது ஒரு சிறிய பிக்கப் வண்டி. என் கணவர் குவைத்திலிருந்து அனுப்பிய பணமும் அவருடைய அண்ணனின் பணமும் சேர்ந்து வாங்கியது. ஓட்டியது என் மகன். நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவான். உரம், தேங்காய் ஏற்றுவான். கோடையில் வேதாரண்யத்திலிருந்து உப்பும் வரும். அதன் டீசல் முள் வாங்கிய நாளிலிருந்தே பாதியில் நிற்கும், ஏறாது, இறங்காது. ஓடிய தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். வெள்ளிக்கிழமை மாலை கணவரின் அண்ணன் தன் கையாலேயே டேங்கை நிரப்பியிருந்தார். அவர் கணக்குப்படி அது புதன்கிழமை வரை வர வேண்டும். அன்று வண்டியில் இருந்ததும் அவருடைய தேங்காய்தான். செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் கேட்டுக்கு வந்தவர், சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி என் மகனிடம் கேட்டிருக்கிறார்.

"டேங்க்ல இருந்தது எங்கடா போச்சு? குடிச்சியா, வித்தியா?"

"நான் எடுக்கல பெரியப்பா."

அவ்வளவுதான் அவன் சொன்னது. மறுபடி கேட்டதற்கு வாய் திறக்கவில்லையாம். பெரியப்பா சாவியை உருவிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி டீசல் அதிகம் குடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். டிரைவர் டியூப் போட்டு உறிஞ்சி விற்கிறான். லாரி வைத்திருப்பவரும் டிராக்டர் வைத்திருப்பவரும் முதலில் பார்ப்பது டிரைவரின் முகத்தைத்தான், இன்ஜினை அப்புறம்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என் மகன் ரத்த உறவிடமிருந்து, ஊர் முன்னால் வாங்கினான். மறுநாள் விடியற்காலை ஒரு பையோடு வாசலில் நின்றான். தரங்கம்பாடியில் சிநேகிதன் இருக்கிறான், மீன் வண்டிக்கு ஆள் கேட்டிருக்கிறான் என்றான். எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியாது என்றான். பஸ் ஏறியதும் போனை அணைத்துவிட்டான்.

 பாலிடெக்னிக் முடித்துச் சென்னைக்குப் போய், ஒரு கம்பெனியில் ஒரு வருடம் இரவு வேலை பார்த்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவன் அவன். அப்போது யாரோடும் பேச மாட்டான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். இந்த வண்டி வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக மனிதனானான். காலையில் விசிலடித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பான். அந்த விசிலுக்காகவே நான் சீக்கிரம் எழுந்திருப்பேன். திருடன் என்ற பெயரோடு போனவன், அந்தப் பெயர் இங்கே இருக்கும்வரை திரும்ப மாட்டான். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மாமாவோ, கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், வண்டியை விற்பதென்று முடிவு செய்துவிட்டார். புரோக்கர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். குவைத்துக்குப் பேசினேன். "விட்டுடு, அண்ணன்கிட்ட சண்டை வேண்டாம், வித்துட்டு வேற பார்த்துக்கலாம்" என்றார் என் கணவர். வண்டியை வேறு வாங்கலாம், பிள்ளையை எங்கே போய் வாங்குவது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பள்ளியில் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். பரீட்சை நேரத்தில் லீவா என்று தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்துப் படம்தான். ஆனால் ஒன்று தெரியும். ஒரு விளைவுக்குக் காரணம் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முதலில் மாற்ற வேண்டியது எதுவென்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

மாமா வீட்டுக் கொட்டகையில் வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. அவர் வாழைத்தார்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்டிய என்கிட்ட விடுங்க மாமா. என்ன கோளாறுன்னு பார்த்துடறேன்."

"கோளாறு வண்டியில இல்லம்மா. ஓட்டுனவன்கிட்ட."

"அப்ப ஓட்டுறவரை மாத்துவோம். நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். உங்க கையில லிட்டருக்கு எவ்வளவு ஓடுதுன்னு பார்க்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இளவயதில் லாரி ஓட்டியவர். டிராக்டரை இப்போதும் யாரிடமும் தரமாட்டார். உள்ளேயிருந்து அக்கா, அவருடைய மனைவி, எட்டிப் பார்த்துச் சொன்னார்: "போய்ட்டுதான் வாங்களேன். டீச்சர் பரீட்சை வைக்கிறா. ஃபெயிலாயிடுவோம்னு பயமா இருக்கா?"

மறுநாள் காலை இருவரும் கிளம்பினோம். எந்தக் குழாயில் போடுகிறோமோ அதே குழாயில்தான் திரும்பவும் போட வேண்டும், வண்டி அதே இடத்தில் அதே சாய்வில் நிற்க வேண்டும் என்று பங்க்கில் சொல்லி வைத்தேன். டேங்கின் கழுத்து வரை டீசல் தெரியும்படி மெதுவாக நிரப்பச் சொன்னேன். மீட்டரை நம்பலாமா என்று சந்தேகம் வந்தது. மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டினாலும் மைலேஜ் குறைந்ததாகத்தான் தோன்றும். அதனால் தஞ்சாவூர் சாலையில் கிலோமீட்டர் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.  மாமா என் மகனைவிட மெதுவாக, கியர் மாற்றுவதில் கண்ணும் கருத்துமாக ஓட்டினார். தேங்காயை இறக்கிவிட்டுத் திரும்பி, அதே குழாயில் அதே கழுத்து வரை நிரப்பினோம். எவ்வளவு பிடித்தது என்று பார்த்து வகுத்தால், லிட்டருக்கு ஒன்பதும் கொஞ்சமும் வந்தது. புதிதில் பதினாலு கொடுத்த வண்டி.

மாமா போனில் ஒரு தடவை வகுத்தார். நம்பாமல் உள்ளங்கையில் பேனாவால் இன்னொரு தடவை வகுத்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. வண்டி எங்கள் கண்ணெதிரே குடித்திருக்கிறது, நடுவில் எங்கும் யாரும் டியூப் போடவில்லை.

"சரி" என்றார் கடைசியில். "திருடலன்னே வச்சுக்குவோம். வண்டியக் கெடுத்து வச்சிருக்கான்ல? ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒன்றல்ல என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வாயால் சொல்லி என்ன பயன். எது கெட்டது, எதனால் கெட்டது என்று காட்டினால்தான் நிற்கும். அன்று மாலை ஒரு பழைய வெள்ளை வேட்டியை வண்டிக்கடியில் விரித்து வைத்தேன். டேங்கிலோ குழாயிலோ கசிவு இருந்தால் விடிவதற்குள் கறை தெரியும். காலையில் வேட்டி சுத்தமாக இருந்தது, ஒரு பூனை படுத்திருந்த தடத்தைத் தவிர.

நீடாமங்கலத்தில் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடம் போனோம். கேட்டில் வண்டியை ஓரத்துக்குத் தள்ளிய கூட்டத்தில் அவரும் இருந்தார் போலும், என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். மைலேஜ் குறைகிறது என்று தம்பி போன மாதமே சொன்னான், டீசல் ஃபில்டரை மாற்றினேன், அப்புறம் வரவில்லை என்றார். அதைக் கேட்டு மாமா என் பக்கம் திரும்பவில்லை. டயர்களில் காற்று குறைவாக இருந்தது, பின்னால் இரண்டிலும் மிகவும் குறைவு. நிரப்பினார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். பழுப்புத் தூசியும் சருகுமாகக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"இது ஃபில்டரா, பத்தாயமா டீச்சர்? ஒரு மாட்டுக்கு ஒருவேளைத் தீனி இருக்கு இதுல."

காற்று போகாவிட்டால் டீசல் முழுதாக எரியாது, எரியாத டீசல் கரும்புகையாகத்தான் போகும். அது எனக்குப் புரிந்தது. புது ஃபில்டர் போட்டு மறுபடி முழு டேங்க், இந்தத் தடவை மன்னார்குடி வரை போய்வந்து கணக்குப் பார்த்தோம். பத்தைத் தொட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இனிமேல் பம்பை இறக்கித் தஞ்சாவூருக்கு அனுப்ப வேண்டியதுதான், ஒரு வாரம் ஆகும் என்றார். அதற்குத்தான் சொல்கிறேன், தள்ளிவிட்டுவிடலாம் என்றார் மாமா. இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன் நான்.

"டீச்சர், இது பாடமில்ல, பம்பு" என்று சிரித்தார் மெக்கானிக்.

"பம்பு எங்க போயிடப் போவுது. நாளைக்கு எறக்கிக்கலாம்" என்றேன்.

அந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். மகன் மழையில் வண்டி ஓட்டினால் பயம், போன் எடுக்காவிட்டால் பயம், அதிகம் சிரித்தாலும் என்னவோ என்று பயம். அந்த வாரத்தில் மட்டும் அந்தப் பயங்களெல்லாம் ஒன்றாகத் திரண்டு, உட்காரவிடாமல் என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தன.

வாய்க்கால் கரையை ஒட்டிய சாலையில் போனோம். எங்கள் பகுதிச் சாலைகளில் மேடு பள்ளம் கிடையாது. தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கும். தூரத்தில் ஆடுகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. மாமா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி வேகம் குறைந்து, ஆடுகளுக்கு வெகு முன்னாலேயே, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல நின்றது.

"பிரேக் போட்டீங்களா மாமா?"

"இல்லையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"காலு கிளட்சுல இருக்கும்மா. பாரு."

பார்த்தேன். பிரேக் மிதி நிமிர்ந்து நின்றது. ஆடுகள் போனதும், வேகமெடுத்துவிட்டு நியூட்ரலில் விடச் சொன்னேன். சமமான சாலையில், எதிர்க்காற்று இல்லாமல், இவ்வளவு கனமுள்ள வண்டி தானாக வெகுதூரம் உருள வேண்டும். மூன்று தென்னை மரம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. நான் கீழே இறங்கி ஒவ்வொரு சக்கரமாகப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் வெதுவெதுப்பு. பின்னால் வலதுபக்கம் சூடு. இடதுபக்கம் கையை வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டேன். காய்ந்த இரும்பு வாடை மூக்கில் ஏறியது. மாமாவும் இறங்கி வந்து கையை வைத்தார். அவரும் கையை உதறினார். அப்போதுதான், அந்த வாரத்திலேயே முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு" என்றார்.

ஒரு கையால் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் இழுத்துப் பிடித்தால் எவ்வளவு பலம் வீணாகுமோ அவ்வளவு டீசலும் அந்தச் சக்கரங்களில் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. பம்பில் எந்தக் குற்றமும் இல்லை.

மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது பின்சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தார். அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கோ இறக்கித்தான் இருந்தது. பலகையில் படுத்து வண்டிக்கடியில் நுழைந்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் கீழ வந்து பாருங்க" என்றார். நான் சாக்கை விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தேன். இன்ஜினிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டில் ஏதோ செடிக்கொடி முறுக்கி முறுக்கிச் சுற்றி, தொடை கனத்துக்கு வடமாகியிருந்தது. அதன்மேல் மண் அப்பிக் காய்ந்து சிமெண்ட் போல இறுகியிருந்தது. அந்த வடம் பக்கத்தில் போகும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் சேர்த்துக் கவ்வி இழுத்து வைத்திருந்தது. மேலே லீவரை விட்டாலும் கீழே கேபிள் திரும்ப முடியாது. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும். ஓட்டுகிறவனுக்கு அது படிப்படியாகப் பழகியிருக்கும், பாரத்தால் வண்டி திணறுகிறது என்று நினைத்திருப்பான்.

அரிவாளும் கத்தியும் வைத்து அறுத்து எடுக்க ஒரு காலைப்பொழுது ஆயிற்று. கூடை கூடையாகத் தரையில் குவிந்தது. நான் ஒரு கொத்தை எடுத்துப் பிரித்தேன். கொடியில் வெடித்த நெற்றுகள் ஒட்டியிருந்தன. உளுந்து.

"ரோட்டுல உளுந்தப் போட்டு வச்சா எல்லார் வண்டியிலயும்தான் சுத்தும்" என்றார் மாமா.

"சுத்தும் சார். நானும் எடுத்திருக்கேன், கைப்புடி அளவு" என்றார் மெக்கானிக். "ஆனா இது உளுந்தக் கடந்து போன வண்டி இல்ல. அது மேலயே குடியிருந்த வண்டி."

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் களத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நெல் அறுப்பதற்கு முன்பே வயல் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். பனியிலேயே வளர்ந்து மாசி, பங்குனியில் பறிப்புக்கு வரும். செடியைப் பிடுங்கிக் காயவைத்து, ஏதாவது ஒன்றை மேலே ஓடவிட்டால் நெற்று வெடித்து உளுந்து கொட்டும். அதற்கு ஊருக்குப் பொதுவாகக் களத்துமேடு இருந்தது. அங்கே சிமெண்டில் உலர்களம் கட்ட அரசாங்கம் அனுமதி தந்தபோது, மாமாவும் இன்னும் இருவரும் பழைய பத்திரத்தை எடுத்து வந்து, அந்த மேடு தங்கள் பட்டாவில் சேர்ந்தது என்று தாவா போட்டார்கள். வழக்கு முடியும்வரை யாரும் நுழையக் கூடாதென்று முள்கம்பி கட்டப்பட்டது. களத்தை இழந்த தெற்குத்தெருக்காரர்கள் எதிர்த்து வழக்காடினார்கள், தாலுகா ஜமாபந்தியில் மனு மேல் மனு கொடுத்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கொடிக்காரர்களும் வேலிக்கு வெளியே நின்று வாக்குக் கொடுத்தார்கள். ஆட்சி மாறியது, வேலி மாறவில்லை. சொந்த டிராக்டரும் கொல்லையும் உள்ளவர்களுக்கு அதனால் ஒரு கஷ்டமுமில்லை. கோயில் நிலத்தில் ஒரு ஏக்கருக்கு மிகாமல் இரண்டு மா, மூன்று மா குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் தெற்குத்தெருக்காரர்களுக்குத்தான் தார்ச்சாலையை விட்டால் வேறு இடம் இல்லை.

பிரேக் கட்டைகள் எரிந்து தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றிக்கொண்டிருக்கும்போதே நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தெற்குத்தெரு முனைக்குப் போனேன். சாலை முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தது. ஒரு பெண் முறத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நான் கேட்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"தம்பி எங்க டீச்சர்? திங்கக்கெழமையிலேருந்து ஆளையே காணும். இங்க பாருங்க, அப்படியே கெடக்குது."

என் மகன் இங்கே என்ன செய்வான் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். பஸ்காரன் போனால் ஒரு மிதி, பாதி உளுந்து வாய்க்காலுக்குத் தெறித்துவிடும். லாரிக்காரன் திட்டிக்கொண்டே ஓரம் இடித்துப் போவான். தம்பி மட்டும் லோடு இறக்கிவிட்டு வந்து, சாலை காலியாக இருக்கிற நேரம் பார்த்து, ஃபர்ஸ்ட் கியரில் மெதுவாக முன்னே போய், ரிவர்ஸில் பின்னே வந்து, ஒவ்வொரு வீட்டுப் பரப்பாக மிதித்துக் கொடுப்பானாம். மாசி பிறந்ததிலிருந்தே நடக்கிறதாம்.

"எங்க வூட்டு மாடு கூட இவ்வளவு பொறுமையா மிதிச்சதில்ல டீச்சர். காசு நீட்டுனா வாங்காது. மோரு குடுத்தா ரெண்டு சொம்பு குடிக்கும். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா வைவாங்கன்னு மட்டும் சொல்லும்."

ஸ்கூட்டியைப் பிடித்தபடி நின்றேன். கேட்டில் அத்தனை பேர் முன்னால் அவன் ஏன் வாயை மூடிக்கொண்டான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீசல் எங்கே போயிற்று என்று சொன்னால், யாருக்காகப் போயிற்று என்றும் சொல்ல வேண்டும். பெரியப்பாவை எதிர்த்து வழக்காடும் ஆட்களுக்கு, பெரியப்பா போட்ட டீசலில். ஃபர்ஸ்ட் கியரிலும் ரிவர்ஸிலும் அத்தனை நேரம் ஓடினால் டீசல் தீரும், மீட்டரில் தூரம் ஏறாது. கொடியும் சுற்றும், தூசியும் அடைக்கும். எனக்கு வேண்டிய காரணங்கள் எல்லாம் ஒரே இடத்தில், என் கால்களுக்குக் கீழே பரப்பிக் கிடந்தன.

திரும்பிப் போகும்போது சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். ரிப்பேர் ஆகிவிட்டது, திருட்டு இல்லை என்று நிரூபித்துவிட்டேன், அத்தோடு விட்டால் வீட்டில் அமைதியாக இருக்கும். ஆனால் பாதியைச் சொன்னால் பாதிச் சந்தேகம் மிஞ்சும். பட்டறையில் மாமா உளுந்துக்கொடிக் குவியலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் டீ வாங்கப் போயிருந்தார். கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"எனக்கு எதிரா நிக்கிறவனுக்கு என் வண்டியிலயே போரடிச்சுக் குடுத்திருக்கான்."

"களத்தப் பூட்டுனா உளுந்து ரோட்டுக்குத்தான் வரும் மாமா. ரோட்டுக்கு வந்தா வண்டியில சுத்தும்."

"அது கோர்ட்டு விஷயம். உனக்கெதுக்கு?"

"நான் வண்டி விஷயத்தத்தான் சொல்றேன். நீங்க அவனக் கேட்டது டீசல் எங்க போச்சுன்னுதான். அதுக்குப் பதில் இதோ கெடக்கு. குடிக்கல, விக்கல."

 இருபத்தைந்து வருடத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒரு கொடியை எடுத்து, விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது. குடித்தோம்.

கேபிளைக் கழுவி, கிரீஸ் போட்டு, டிரம்மை மூடினார் மெக்கானிக். தூக்கி நிறுத்திய சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை கடைசிச் சோதனை. அதே பங்க், அதே குழாய், தஞ்சாவூர் போய்த் திரும்பினோம். ஆடு மேய்கிற அந்தச் சாலையில் நியூட்ரலில் விட்டதும் வண்டி சத்தமில்லாமல் உருண்டு உருண்டு, மதகு வரை போய் நின்றது. கணக்குப் போட்டதில் பதின்மூன்றரை. மாமா இந்த முறை ஒரு தடவைதான் வகுத்தார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, புரோக்கருக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்றார்.  சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தரங்கம்பாடிச் சிநேகிதனின் எண்ணை என் மகனின் பழைய பாலிடெக்னிக் நண்பன் ஒருவனிடம் கேட்டு வாங்கினேன். எடுத்த பையனிடம், மகனை வரச் சொல் என்றோ வரவேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. ஷாஃப்டில் உளுந்துக்கொடி சுற்றி ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தது, எடுத்தாகிவிட்டது, பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் என் மகனிடம் சொல்லச் சொன்னேன். அந்தப் பக்கம் கடல் சத்தமும் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தமும் கேட்டது. சொல்லிவிடுகிறேன் ஆன்ட்டி என்றான். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனது. மயிலாடுதுறை வழியாக வரும் பஸ்களின் நேரத்தை மனதில் போட்டுப் பார்த்துக்கொண்டே சமைத்தேன். மதியமும் போனது. இரண்டு பேருக்கு வடித்த சோற்றில் என் பங்கையும் நான் தொடவில்லை. தெரு நாய் குரைத்தபோதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்தேன். இனிமேல் பார்ப்பதில்லை என்று முடிவு செய்து விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளிலேயே ஒரே வரியை நான்கு முறை படித்தேன்.

மாலை வெயில் தாழும்போது அவன் வந்தான். தோளில் அதே பை. உடம்பெல்லாம் மீன் வாடை. பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வராமல், பெரியப்பா வீட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தான். கை மூடியிருந்தது. வாசலிலேயே நின்றான்.

"வண்டிய எடுக்கறேம்மா. ஆனா உளுந்து மேல ஓட்டுறத நிறுத்த மாட்டேன். பெரியப்பாகிட்ட அத மொதல்ல சொல்லிட்டுத்தான் இங்க வர்றேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

அவன் கையைத் திறந்து சாவியைக் காட்டினான்.

"வாரத்துக்கு ஒரு தடவை அடியில படுத்து கேபிளப் பாருன்னாரு."